டூம் கிட்டாரிஸ்ட் தனியாகப் போனால் ஏன் எழுபதுகள் கேட்கிறது?

கேள்வி இது: "டூம் மெட்டல் குழுவில் பல வருஷம் வாசித்த கிட்டாரிஸ்ட் ஒருவர் தன் பெயரில் ஆல்பம் போட்டிருக்கிறார். பாதி டூம், பாதி எழுபதுகளின் ஹார்டு ராக். இவர்கள் ஏன் எல்லோரும் அங்கேயே போகிறார்கள்? இது பழசின் நகலா, இல்லை புதிதாக ஏதாவது இருக்கிறதா? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?"

பழைய நினைப்பு, வேறென்ன என்று பலர் சொல்லிவிட்டுப் போவார்கள். அது போதாது. டூம் என்பது மெதுவான, கனமான மெட்டல். அதுவே எழுபதுகளின் ஹார்டு ராக்கிலிருந்து சில விஷயங்களை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பெரிதாக்கிய இசை. தனி ஆல்பம் போடும் கிட்டாரிஸ்ட் அப்படி எடுத்துவிட்டதைத் திரும்பக் கொண்டுவருகிறார். எதைக் கொண்டுவந்தார், எவ்வளவு கொண்டுவந்தார் என்பதை வைத்துத்தான் அந்த ஆல்பம் தேறுமா தேறாதா என்று சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன்: முதல் தடவை கேட்கும்போது கிட்டாரை விட்டுவிடுங்கள். டிரம்ஸை மட்டும் கவனியுங்கள்.

ஏன் டிரம்ஸ் என்று கேட்டால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. டூமின் வேர் எங்கே என்றால் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள், சரிதான். ஆனால் அதற்கு முந்தைய வருடம் வரை அந்த நால்வரும் பர்மிங்ஹாமில் எர்த் என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். டிரம்ஸில் இருந்த பில் வார்டு, ஜீன் க்ருபாவையும் பட்டி ரிச்சையும் கேட்டு வளர்ந்தவர், இருவரும் ஜாஸ்காரர்கள். கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமியின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, கனமாக, அசையாமல் நிற்கும். அதன் அடியில் வார்டு ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பார். பல இடங்களில் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். நம் பாஷையில் சொன்னால் திஸ்ர நடை. அந்த மூன்றில் முதலும் கடைசியும் மட்டும் விழுந்தால் அதுதான் ஷஃபிள். ப்ளூஸின் அடிப்படை நடையே அதுதான். சபாத்தின் கனம் கிட்டாரால் மட்டும் வந்ததில்லை. அசையாத ரிஃபுக்கும் அசைந்துகொண்டே இருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் இருந்த இழுபறியால் வந்தது.

எண்பதுகளில் சபாத்தைப் பார்த்து வந்த குழுக்கள் ரிஃபை எடுத்துக்கொண்டன, காலத்தை இன்னும் விளம்பமாக்கின. அடிக்கு அடி நடுவில் இருந்த சின்னச் சின்னத் தட்டல்கள் போய்விட்டன. லாஸ் ஏஞ்சலஸின் செயின்ட் வைட்டஸ், ஸ்வீடனின் கேண்டில்மாஸ் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவில் இதைச் செய்தார்கள். 1991இல் இங்கிலாந்தின் கதீட்ரல் போட்ட முதல் ஆல்பத்தில் அது எல்லைக்கே போனது. அடுத்த அடி வருமா வராதா என்று காத்திருக்க வைக்கும் வேகம். அதற்கும் ஒரு அழகு உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேகத்தில் ஆட்டம் இருக்காது, பூகி என்ற துள்ளல் நடை இருக்காது, பாடகருக்கு நீளமான மெட்டு கட்ட இடம் இருக்காது.

இதை நேரடியாகக் கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் பென்டகிராம் என்ற அமெரிக்கக் குழுவை எடுங்கள். 1971இல் வர்ஜீனியாவில் பாடகர் பாபி லீப்லிங்கும் ஜெஃப் ஓ'கீஃபும் ஆரம்பித்தது. எழுபதுகள் முழுக்க அது அசல் ஹார்டு ராக் குழு. முழு ஆல்பம் ஒன்றுகூட வெளிவரவில்லை. முதல் ஆல்பம் 1985இல்தான் வந்தது. அப்போது கிட்டாரில் இருந்தவர் விக்டர் கிரிஃபின், டிரம்ஸில் ஜோ ஹாசெல்வாண்டர். அது டூம் ஆல்பம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எழுபதுகளின் பழைய பதிவுகள் பின்னாளில் 'ஃபர்ஸ்ட் டேஸ் ஹியர்' என்ற தொகுப்பாக வந்தன. '20 பக் ஸ்பின்' என்ற பாட்டு இரண்டு ஆல்பத்திலும் இருக்கிறது. அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பாடகர் ஒருவர்தான், பாட்டு ஒன்றுதான். ஆனால் ஒன்று ஹார்டு ராக், இன்னொன்று டூம். இந்த வகைகளைப் பற்றி எத்தனை கட்டுரை படித்தாலும் இவ்வளவு தெளிவு கிடைக்காது.

இப்போது ஒலியின் பக்கம் வருவோம். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கிட்டார் ஆம்ப்களில் (ஒலிபெருக்கிகளில்) 'மாஸ்டர் வால்யூம்' என்ற குமிழ், அதாவது கரகரப்பை வைத்துக்கொண்டே மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ், பரவலாக இல்லை. மார்ஷல் அதை வைத்த 2203 மாடலைக் கொண்டுவந்ததே 1975இல்தான். அதற்கு முன் ஒலி உடைய வேண்டுமானால் ஆம்பை முழுச் சத்தத்துக்குத் திருப்ப வேண்டும். கடைசிக் கட்ட வால்வுகள் திணறும்போதுதான் அந்தக் கரகரப்பு வரும். அப்படி வரும் கரகரப்பில் ஒரு குணம் உண்டு: மெதுவாக மீட்டினால் ஒலி சுத்தமாகும், அழுத்தி மீட்டினால் உடையும். பிக் கம்பியில் படும் அந்த 'டக்' காதில் விழும். ஸ்வரம் சீக்கிரம் தேயும். தேய்ந்த இடத்தில் டிரம்ஸும் பாஸும் உள்ளே வரும்.

டூமில் இதற்கு நேர்மாறான தேவை. நிமிடத்துக்கு 60 அடி என்றால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் முழுதாக ஒரு வினாடி. அந்த வினாடி முழுக்க ஸ்வரம் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு ஓட்டையாகிவிடும். அதனால்தான் ஒலியை உடைத்து நீட்டும் ஃபஸ் பெடல்கள், கெயினை (ஒலியை உடைக்கும் அளவை) கூட்டி வைத்த ஆம்ப்கள். ஒலி தேயாமல் நிற்கும், ஆனால் அழுத்தி மீட்டினாலும் மெல்ல மீட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இப்படிப்பட்ட ஒலியை வைத்துக்கொண்டு 120 வேகத்தில் ஷஃபிள் வாசித்துப் பாருங்கள், சேறாகிவிடும். ஆக, டூம் கிட்டாரிஸ்ட் ஹார்டு ராக் பக்கம் நகர வேண்டுமென்றால் முதலில் செய்ய வேண்டிய வேலை கெயினைக் குறைப்பது. பலர் இதைச் செய்வதே இல்லை. அவர்களுடைய ஆல்பம் 'வேகமான டூம்' என்ற அளவில் நின்றுவிடும்.

அடுத்தது ஸ்ருதி. வழக்கமான டியூனிங்கில் கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ் சுமார். ஐயோமி 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுக்கு அதை ஒன்றரை ஸ்வரம் இறக்கினார், 69 ஹெர்ட்ஸ். பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் அவர். இடது கை வாசிப்பு என்பதால் கம்பியை அமுக்குவது அந்த விரல்கள்தான். மெல்லிய கம்பியும் தளர்ந்த ஸ்ருதியும் அவருக்கு வசதியாக இருந்தன. பின்னால் வந்த டூம் குழுக்கள் அதைவிடவும் இறங்கின.

ஸ்ருதி இறங்கி கெயினும் ஏறினால் என்ன ஆகும்? இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து உடையும்போது அவற்றின் அதிர்வெண் வித்தியாசமும் ஒரு மூன்றாவது ஒலியாக உள்ளே நுழையும். 65 ஹெர்ட்ஸில் இருக்கும் ஷட்ஜத்தோடு பஞ்சமம் சேர்ந்தால், அதாவது 98 ஹெர்ட்ஸ், வித்தியாசம் 33. அது ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள அதே ஷட்ஜம். அதனால்தான் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த 'பவர் கார்ட்' அவ்வளவு பிரம்மாண்டமாக ஒலிக்கிறது. பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தைச் சேருங்கள், 82 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 17. காதுக்குக் கேட்காத எல்லையில் போய் வெறும் நடுக்கமாகிவிடும். டூமில் அந்தக் காந்தாரமும் சேர்ந்த முழு மேஜர் கார்டு அபூர்வமாக இருப்பதற்கு இருண்ட மனநிலை மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும் ஒரு காரணம். எழுபதுகளின் ஹார்டு ராக்கிலோ கார்டு திறந்து, வெளிச்சமாக இருக்கும். ஒரு டூம் கிட்டாரிஸ்டின் தனி ஆல்பத்தில் திடீரென்று சந்தோஷமான ஒரு கார்டு காதில் விழுந்தால், அவர் ஆம்பைத் தொட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று, இரட்டைக் கிட்டார். செயின்ட் வைட்டஸ், பென்டகிராம், தி அப்செஸ்ட் இவையெல்லாம் பெரும்பாலும் ஒற்றைக் கிட்டார் வைத்த குழுக்கள். விஷ்போன் ஆஷும் தின் லிஸியும் செய்த மாதிரி இரண்டு கிட்டார் ஒன்றாகச் சேர்ந்து மெட்டுப் பாடுவது இவர்களுக்கு மேடையில் முடியாது. ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்தால் முடியும். ஒவ்வொரு கிட்டாரும் தனித் தனி ஆம்பில் தனித் தடத்தில் பதிவாவதால் மேலே சொன்ன சேறும் வராது. தனி ஆல்பங்களில் இந்த இரட்டை மெட்டு அடிக்கடி வருவதற்கு இது ஒரு எளிய காரணம்: இருபது வருஷமாகக் கையில் இருந்த ஆசை, ஆள் இல்லாததால் நடக்கவில்லை.

சரி, ஆல்பங்களுக்கு வருவோம்.

என் கணக்கில் முதல் இடம் ஸ்காட் வைன்ரிக் 2009இல் போட்ட 'பங்க்சுவேட்டட் ஈக்விலிப்ரியம்'. எல்லோருக்கும் அவர் வைனோ. மேரிலாந்துக்காரர், தி அப்செஸ்ட் குழுவை எழுபதுகளின் பிற்பாதியிலேயே தொடங்கியவர், 1986இலிருந்து சில வருஷம் செயின்ட் வைட்டஸில் பாடியவர், அப்புறம் ஸ்பிரிட் கேரவன், தி ஹிட்டன் ஹேண்ட். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வைட்டஸில் அவர் பாடகர். கிட்டார் டேவ் சாண்ட்லருடையது, பாட்டுகளும் பெரும்பாலும் சாண்ட்லருடையவை. ஆகவே உலகம் அவரை எந்தக் குழுவை வைத்து அதிகம் அறிந்ததோ, அந்தக் குழுவில் அவருடைய கிட்டார் முன்னால் இல்லை. தன் பெயரில் ஆல்பம் போட்டபோது அவர் டிரம்ஸுக்கு அழைத்தது ஜான்-பால் காஸ்டரை. கிளட்ச் என்ற மேரிலாந்துக் குழுவின் டிரம்மர், டூம்காரர் கிடையாது. அவர் கையில் ஜாஸின் ஸ்விங் எப்போதும் உண்டு. ஸ்னேரில் பலமான அடிகளுக்கு நடுவே காதில் விழுந்தும் விழாமலும் மெல்லிய தட்டல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸில் ஜான் பிளாங்க். ஆல்பம் வந்த அதே வருடத்தில் அவர் இறந்துபோனார்.

இந்த ஒரு தேர்வுதான் ஆல்பத்தைக் காப்பாற்றியது என்பேன். வைனோவின் ரிஃபுகள் அவருடைய மற்றக் குழுக்களில் கேட்டவற்றுக்குத் தூரத்து உறவு கிடையாது, நெருங்கிய சொந்தம். ஆனால் காஸ்டர் அடியில் இருக்கும்போது அதே ரிஃப் வேறு மாதிரி நடக்கிறது. நடுவில் 'ஐஸ் ஆஃப் த ஃப்ளெஷ்' என்ற நீளமான பாட்டு முழு விளம்பத்துக்குப் போகிறது. அங்கேகூட டிரம்ஸ் தூங்குவதில்லை. பாட்டு இல்லாத, வாத்தியம் மட்டும் உள்ள உருப்படிகளும் உண்டு. அவற்றில் வைனோ சோலோவை நிதானமாக வளர்க்கிறார். டூம் ஆல்பத்தில் சோலோ என்பது பொதுவாக ரிஃபுக்கு நடுவில் ஒரு கூச்சல் மாதிரி வந்துபோகும். இங்கே அது ஒரு இடத்தில் ஆரம்பித்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேருகிறது.

அடுத்த வருடம் அவர் 'அட்ரிஃப்ட்' என்று அகூஸ்டிக் ஆல்பம் ஒன்றும் போட்டார். அது வேறு கதை. உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை.

இரண்டாவது ஆள் மேலே சொன்ன விக்டர் கிரிஃபின். டென்னஸி மாநிலத்துக்காரர். பென்டகிராமின் 1985, 1987 ஆல்பங்களில் அந்தக் கனமான கிட்டார் அவருடையது. 2000இல் பிளேஸ் ஆஃப் ஸ்கல்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். 2003இல் வந்த அதன் இரண்டாவது ஆல்பத்தில் வைனோவும் இருக்கிறார், இந்த உலகம் அவ்வளவு சின்னது. 2004இல் 'லேட் ஃபார் அன் அப்பாயிண்ட்மெண்ட் வித் த ப்ளூஸ்' என்று ஒரு தனி ஆல்பம். தலைப்பே எந்தப் பக்கம் போகிறார் என்று சொல்லிவிடுகிறது. ஆனால் நான் கேட்கச் சொல்வது அதற்குப் பின்னால் வந்ததை: 2013இல் 'இன்-கிரேவ்ட்' என்ற பெயரில் பின்லாந்தின் ஸ்வார்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது.

இதில் கிரிஃபின் திரும்பக் கொண்டுவந்தது ஆர்கன். ஹேமண்ட் ஆர்கன் எழுபதுகளின் ஹார்டு ராக்கில் கிட்டத்தட்ட இரண்டாவது கிட்டார். டீப் பர்ப்பிள், யூரியா ஹீப், அடாமிக் ரூஸ்டர் என்று பல குழுக்களில் அது இருந்தது. டூமில் அது பெரும்பாலும் காணாமல் போனது. காரணமும் மேலே சொன்னதுதான்: ஃபஸ் கிட்டார் நடு அலைவரிசையை முழுக்க அடைத்துக்கொள்ளும், ஆர்கனுக்கு உட்கார இடம் இருக்காது. கிரிஃபின் கிட்டாரைக் கொஞ்சம் ஒதுக்கி அந்த இடத்தைக் கொடுக்கிறார். வாசிப்பவர் ஜெஃப் ஓல்சன், அதாவது ட்ரபிள் என்ற அமெரிக்க டூம் குழுவின் ஆரம்பகால டிரம்மர். டிரம்மர் ஒருவர் கீபோர்டு வாசித்தால் கை தாளத்தில் இருக்கும். நீளமாக இழுத்துப் பிடிப்பதைவிட வெட்டி வெட்டி வாசிப்பார். டூம் கிட்டாருக்குப் பக்கத்தில் அது மிகப் பொருத்தம்.

ஆல்பத்தில் ஜெத்ரோ டல்லின் 1970ஆம் வருடப் பாட்டு ஒன்றையும் மறுபடி வாசித்திருக்கிறார். இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. 1968 கடைசியில் ஐயோமி சில வாரம் ஜெத்ரோ டல்லில்தான் இருந்தார், பிறகு பிடிக்காமல் பர்மிங்ஹாமுக்கே திரும்பிவிட்டார். டூமின் பிதாமகர் வேண்டாமென்று வந்த குழுவின் பாட்டை டூமின் அடுத்த தலைமுறை ஆள் தேடிப்போய் எடுக்கிறார். தெரிந்து செய்தாரோ என்னவோ, பொருந்திவிட்டது.

கிரிஃபினின் குரல் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அவர் பெரிய பாடகர் கிடையாது, வைனோவும் அப்படித்தான். இருவருக்கும் குரல் மேலே அதிகம் ஏறாது, அதனால் மெட்டு ரிஃபை ஒட்டியே போகும். எழுபதுகளின் ஹார்டு ராக்கில் பாடகர் ரிஃபுக்கு மேலே தனியாகப் பறப்பார். அது இங்கே இல்லை. வினோதம் என்னவென்றால் இந்தக் குறைதான் இந்த ஆல்பங்களை நகலாகாமல் காக்கிறது. தாளம் எழுபதுகளுக்குப் போனாலும் குரல் டூமிலேயே நிற்கிறது. கேட்கும்போது இது யாருடைய ஆல்பம் என்ற சந்தேகம் வருவதில்லை.

பெரிய பாடகரை வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு டோனி ஐயோமியே உதாரணம். 1986இல் வந்த 'செவன்த் ஸ்டார்' உண்மையில் அவருடைய தனி ஆல்பமாகத் திட்டமிடப்பட்டது. பாடகர் கிளென் ஹியூஸ், ட்ரபீஸிலும் டீப் பர்ப்பிளிலும் இருந்தவர், ஹார்டு ராக்கில் சோல் இசையைக் கலந்து பாடுகிறவர். ரெக்கார்டு கம்பெனியும் மேனேஜர் டான் ஆர்டனும் அழுத்தியதில் அட்டையில் 'பிளாக் சபாத், உடன் டோனி ஐயோமி' என்று வந்துவிட்டது. சபாத் என்று நினைத்து வாங்கியவர்கள் குழம்பிப்போனார்கள். குழம்பாமல் என்ன செய்வார்கள்? அதில் இருப்பது கிட்டத்தட்ட ப்ளூஸும் ஹார்டு ராக்கும்தான். ஐயோமியின் பெயரிலேயே வந்திருந்தால் ஆல்பத்துக்கு நியாயம் கிடைத்திருக்கும்.

அதே இருவர் 1996இல் பர்மிங்ஹாமில் மறுபடி கூடிப் பதிவு செய்தார்கள். அது வருஷக்கணக்கில் திருட்டுப் பிரதியாகச் சுற்றி, 2004இல்தான் முறையாக வெளிவந்தது. வெளியிடும்போது டிரம்ஸை மட்டும் நீக்கிவிட்டு ஜிம்மி காப்லியை வைத்துப் புதிதாகப் பதிந்தார்கள். 2005இல் 'ஃப்யூஸ்ட்' என்று மூன்றாவதும் வந்தது. மூன்றிலும் ஹியூஸ் பாட ஆரம்பித்தால் ரிஃப் பின்னால் போய்விடுகிறது. நல்ல இசை, அதில் மறுப்பில்லை. ஆனால் பாடகர் இவ்வளவு ஓங்கி நிற்கும்போது டூம் வெறும் பின்னணி நிறமாகிவிடுகிறது. 2000இல் வந்த 'ஐயோமி' பாட்டுக்கு ஒரு விருந்தினர் பாடகர் என்று வைத்த ஆல்பம். அது அந்தக் காலத்து மெட்டல் ஒலி, இந்தப் பேச்சில் சேராது.

ட்ரபிளின் கிட்டாரிஸ்ட் ப்ரூஸ் ஃபிராங்க்ளின் 2000இல் 'சூப்பர்ஷைன்' என்று ஒரு ஆல்பம் செய்தார். கண்டிப்பாகப் பார்த்தால் தனி ஆல்பம் இல்லை, கிங்ஸ் எக்ஸ் குழுவின் பாடகர் டக் பின்னிக்கோடு சேர்ந்தது. டிரம்ஸில் மேலே சொன்ன அதே ஓல்சன் இருக்கிறார். இங்கே திரும்ப வந்தது கூட்டுக் குரல். பல குரல்கள் அடுக்கி, மேலே மிதந்து, அடியில் ட்ரபிளின் கிட்டார் ஊர்கிறது. கிராண்ட் ஃபங்க் ரெயில்ரோடின் பாட்டு ஒன்றும் உண்டு. ஒரே ஒரு ஆல்பத்தோடு நின்றுபோனது வருத்தம்தான்.

கதீட்ரலின் கிட்டாரிஸ்ட் காஸ் ஜென்னிங்ஸ் 2014இல் டெத் பெனால்டி என்ற குழுவின் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார், அடுத்த வருடம் லூசிஃபர் குழுவின் முதல் ஆல்பத்தில் வாசித்தார். இரண்டையும் தனி முயற்சி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அவருடைய ரிஃப் எங்கே இருந்தாலும் தெரியும். ஸ்லீப் என்ற டூம் குழுவின் கிட்டாரிஸ்ட் மேட் பைக் 2022இல் போட்ட 'பைக் வெர்சஸ் தி ஆட்டோமேட்டன்' உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அது சத்தமும் வேகமும் பக்கம் சாய்ந்த ஆல்பம், எழுபதுகளைத் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

நகலா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சில ஆல்பங்கள் நகல்தான். பழைய ஆம்ப், பழைய மைக், டேப்பில் பதிவு, அட்டையில் பழைய எழுத்துரு என்று எல்லாம் இருக்கும், ஆனால் டிரம்மர் கம்ப்யூட்டர் கிளிக்குக்கு ஒட்டி நேராக அடித்துக்கொண்டிருப்பார். ஒரு பாட்டின் நடுவில் வேகம் ஒரு இம்மிகூட மாறாது. எழுபதுகளின் பதிவுகளில் சோலோ வரும்போது குழு முழுவதும் கொஞ்சம் முந்தும், அப்புறம் ரிஃபுக்குத் திரும்பும்போது அமரும். அதைக் கருவிகளால் வாங்க முடியாது. எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துவிடும் கிட்டாரிஸ்ட்கள் சறுக்குவதும் இங்கேதான். கிட்டாரிஸ்ட் டிரம்ஸ் வாசித்தால் தன் ரிஃபின் மேலேயே அடிப்பார். ரிஃபோடு சண்டை போட ஆள் இருக்காது. மெஷின் டிரம்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். டூமில் இது ஓரளவு தப்பிக்கும், சில சமயம் அந்த இறுக்கம் நன்றாகவே இருக்கும். ஹார்டு ராக்கில் தப்பிக்காது. 'தனி' ஆல்பம் என்று பெயர் போட்டாலும் நல்லவை எல்லாமே இரண்டு மூன்று பேர் ஒரே அறையில் வாசித்ததாக ஒலிப்பதைக் கவனிப்பீர்கள்.

இன்னொரு விதமான நகலும் உண்டு, அது கொஞ்சம் நுட்பமானது. எல்லாம் சரியாக இருக்கும், ஸ்விங் இருக்கும், ஆர்கன் இருக்கும், ஆனால் அந்த கிட்டாரிஸ்டின் டூம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஐம்பது வருடம் முன்னால் வந்த மறந்துபோன ஒரு குழுவின் ஆல்பம் என்று சொன்னால் நம்பிவிடலாம். அப்படியானால் அந்த மறந்துபோன குழுக்களையே கேட்டுவிடலாமே. அமெரிக்காவின் சர் லார்ட் பால்டிமோர், டஸ்ட், ஆஸ்திரேலியாவின் பஃபலோ, வேல்ஸின் பட்ஜி. இவர்கள் எல்லோரும் இன்று எளிதாகக் கிடைக்கிறார்கள், அசலாகவும் இருக்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? பென்டகிராமின் அந்த இரண்டு பதிவுகளையும் முதலில் ஒப்பிட்டுவிடுங்கள், அரை மணி நேர வேலை. பிறகு வைனோவின் 2009 ஆல்பம், அடுத்து கிரிஃபினின் 'இன்-கிரேவ்ட்'. இரண்டும் பிடித்தால் சூப்பர்ஷைன். ஐயோமி - ஹியூஸ் ஆல்பங்களில் 1996 பதிவை எடுங்கள். 'செவன்த் ஸ்டார்' கடைசியில் இருக்கட்டும்: பாட்டுகள் நல்லவை, ஆனால் எண்பதுகளின் வழக்கப்படி டிரம்ஸில் ஏகப்பட்ட எதிரொலியை ஏற்றிவிட்டார்கள். டிரம்மர் எரிக் சிங்கர் உள்ளே என்னதான் வாசிக்கிறார் என்று பிடிபடக் காது கொஞ்சம் பழக வேண்டும்.